எழுதியதற்கு ஆறு ஆண்டு: லோகமான்ய திலகர் வரலாறு

சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் மும்பைக்கு வரும் ரெயில்களில் சில, குர்லா டெர்மினசில் வந்து நிற்கின்றன. அந்த நிலையத்துக்கு லோகமான்ய திலகர் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள். பெட்டியும் படுக்கையுமாக அங்கே வந்து இறங்கும் நம்மவர்களில் பலருக்கு அது ஒரு நிலையத்தின் பெயர். அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்கு உரியவர், இதே ஊரின் ஐகோர்ட்டில் இரண்டு முறை ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்றவர். தம்முடைய பத்திரிகையில் வெளிவந்தவற்றுக்காக முதல் முறை ஒன்றரை ஆண்டும், இரண்டாம் முறை ஆறு ஆண்டும் தண்டனை பெற்றவர்.

சுதந்திரம் கேட்டவர்களை வெள்ளையர் ஆட்சி துப்பாக்கியால் மட்டும் அடக்கவில்லை. சட்டப் புத்தகத்தைக் கொண்டும் அடக்கியது. ஒரு பிரிவு போதாவிட்டால் இன்னொரு பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தம் உடம்பிலும் பணப்பையிலும் தாங்கியவர் திலகர். அவர் வாழ்க்கையைப் படித்தால் அந்தச் சட்டங்களின் வரலாற்றையும் படித்த மாதிரி ஆகும்.

ஆசிரியர் மகன்

கொங்கணக் கடற்கரையில் உள்ள ரத்தினகிரியில், 1856-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி பால கங்காதர திலகர் பிறந்தார். தந்தை கங்காதர் ராமச்சந்திர திலக், பள்ளி ஆசிரியர். வசதி பெரிதாக இல்லை. படிப்பு இருந்தது.

பதினாறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. புனாவில் டெக்கான் கல்லூரியில் சேர்ந்து, 1877-ல் கணிதத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். 1879-ல் சட்டப் படிப்பும் முடித்தார்.

அந்தக் காலத்தில் பி.ஏ., எல்எல்.பி. என்றால் சர்க்கார் உத்தியோகம் கதவைத் தட்டும். திலகரும் அவருடைய நண்பர் அகர்க்கரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். 1880-ல் விஷ்ணு சாஸ்திரி சிப்லுங்கருடன் சேர்ந்து புனாவில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1881-ல் மராத்தியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என்று இரண்டு பத்திரிகைகளையும் தொடங்கினார்கள்.

கற்ற சட்டம் வீண் போகவில்லை. பிற்காலத்தில் சட்ட வகுப்பு நடத்திப் பிழைத்தார். அதைவிட, சட்டம் தம் மேல் பாய்ந்தபோதெல்லாம் அதன் வாசகத்தை எடுத்துப் படித்து, அதைக்கொண்டே எதிர்த்து வாதாடினார்.

டோங்கிரி ஜெயிலில் 101 நாள்

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. கோலாப்பூர் சமஸ்தானத்தில் இளம் மகாராஜா கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று செய்தி வந்தது. திவான் பார்வேயைக் குற்றம் சாட்டிப் பத்திரிகைகள் எழுதின. திவான் மானநஷ்ட வழக்குப் போட்டார். ஆதாரமாக நம்பிய கடிதங்கள் போலியானவை என்று கோர்ட்டில் தெரிந்தது.

1882 ஜூலையில் திலகருக்கும் அகர்க்கருக்கும் நான்கு மாதம் வெறுங்காவல் கிடைத்தது. பம்பாய் டோங்கிரி ஜெயிலில் 101 நாட்கள் இருந்தார்கள். வெளியே வந்தபோது ஜனங்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள்.

பின்னர் கல்விச் சங்கத்தில் நண்பர்களுடன் கருத்து வேறுபாடு வளர்ந்து, 1890-ல் விலகினார். பத்திரிகை அவர் கைக்கு வந்தது. வீட்டுக்குள் நடந்துவந்த பிள்ளையார் பூஜையை 1893 முதல் தெருவுக்குக் கொண்டுவந்து, ஜனங்கள் கூடும் விழாவாக வளர்த்தார். சிவாஜி விழாவையும் நடத்தினார்.

அவர் எல்லாவற்றிலும் முற்போக்காளர் அல்ல. பெண்களின் திருமண வாழ்வு தொடங்கும் வயதை உயர்த்திய 1891-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். சமூக சீர்திருத்தக்காரர்களோடு கடைசிவரை மோதினார். அகர்க்கரோடு பிரிவு ஏற்பட்டதற்கும் அதுவே பெரிய காரணம். அவர் வரலாற்றில் இதையும் மறைக்க வேண்டியது இல்லை.

சட்டத்தை விவசாயிக்குச் சொன்னார்

1896-ல் மராட்டியப் பகுதியில் கடும் பஞ்சம் வந்தது. பஞ்ச காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சர்க்காரே விதிமுறை எழுதி வைத்திருந்தது. விளைச்சல் இல்லாவிட்டால் நிலவரியைத் தள்ளுபடி செய்யலாம் என்று அதில் இருந்தது. விவசாயிக்கு அது தெரியாது. வரி கட்ட மாட்டை விற்றான்.

கேசரி அந்த விதிகளை மராத்தியில் எடுத்துச் சொன்னது. உனக்கு உரிய சலுகையைக் கேள், கடன் வாங்கியும் மாட்டை விற்றும் வரி கட்டாதே என்று எழுதியது. தொண்டர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். சர்க்காரின் சட்டத்தையே ஜனங்களுக்குச் சொன்னதற்காக அதிகாரிகள் அவர் மீது கண் வைத்தார்கள். அப்போது அவர் பம்பாய் சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தார்.

பஞ்சத்தின் பின்னாலேயே பிளேக் வந்தது. 1897-ல் புனாவில் பிளேக் தடுப்புப் பொறுப்பு ராண்ட் என்ற அதிகாரியிடம் கொடுக்கப்பட்டது. வீடு வீடாகச் சோதனை செய்ய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தார்கள். பூஜை அறை, சமையல் அறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். ஊரை விட்டுப் பலர் ஓடினார்கள். திலகர் ஊரிலேயே தங்கி, நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்தார். சிப்பாய்களின் அத்துமீறலைக் கண்டித்தும் எழுதினார்.

ஜூன் 22-ந்தேதி இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டும் லெப்டினன்ட் அயர்ஸ்டும் சுடப்பட்டார்கள். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ந்தேதி இறந்தார். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள் என்பது பிறகு தெரிந்தது.

கொலைக்கும் திலகருக்கும் தொடர்பு காட்ட சர்க்காரிடம் சான்று இல்லை. அதனால் வேறு பிரிவைத் தேடினார்கள்.

124-ஏ என்ற பிரிவு

1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது ராஜத்துரோகப் பிரிவு அதில் இல்லை. மெக்காலே தயாரித்த பழைய நகலில் இருந்தது, சட்டமானபோது விடுபட்டது. 1870-ல்தான் அதை 124-ஏ என்று சேர்த்தார்கள். அரசுக்கு எதிராக விரோத உணர்வைத் தூண்டுவது குற்றம் என்றது அந்தப் பிரிவு. 1891-ல் கல்கத்தாவில் 'வங்கவாசி' பத்திரிகை மீது வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜூரர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஆறு ஆண்டு கழித்து அந்தப் பிரிவு திலகர் மேல் பாய்ந்தது. ஜூன் 15-ந்தேதி கேசரியில், அதாவது ராண்ட் சுடப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, சிவாஜி பேசுவது போல ஒரு கவிதையும் சிவாஜி விழாச் சொற்பொழிவுகளும் வெளிவந்திருந்தன. அவை ராஜத்துரோகம் என்று கூறி, ஜூலை 27-ந்தேதி திலகரைப் பம்பாயில் கைது செய்தார்கள். பத்திரிகையை அச்சிட்டவரையும் கூண்டில் ஏற்றினார்கள்.

ஜாமீன் இரண்டு முறை மறுக்கப்பட்டது. பிறகு நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி ஜாமீன் கொடுத்தார். அந்த மனுவில் திலகருக்காக நின்றவர் தின்ஷா தாவர் என்ற பார்சி வக்கீல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நீதிபதி ஸ்ட்ராச்சி முன் விசாரணை நடந்தது. அரசின் மேல் பற்று இல்லாமல் இருப்பதே விரோதம்தான் என்று அவர் ஜூரர்களுக்கு விளக்கினார். அப்படியானால் எதை எழுதித் தப்புவது? ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மீதி மூன்று பேர், இந்தியர்கள், குற்றமில்லை என்றார்கள். திலகருக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அச்சிட்டவர் விடுதலை ஆனார்.

வழக்கே இல்லாமல் சிறை வைக்கப்பட்டவர்களும் உண்டு. புனாவில் செல்வாக்குள்ள நாட்டு சகோதரர்களை, 1827-ம் ஆண்டின் பழைய பம்பாய் ஒழுங்குமுறையைத் தூசி தட்டி எடுத்து, விசாரணை இல்லாமல் காவலில் வைத்தார்கள். கோர்ட்டு, ஜூரி, சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

பேராசிரியர் மாக்ஸ் முல்லர், வில்லியம் ஹண்டர், தாதாபாய் நவ்ரோஜி போன்றவர்கள் மனுக் கொடுத்ததால், 1898 செப்டம்பரில் திலகர் நிபந்தனையுடன் விடுதலை ஆனார். அதற்குள் சட்டமும் மாறிவிட்டது. 124-ஏ பிரிவில் வெறுப்பு, அவமதிப்பு என்ற சொற்களைச் சேர்த்தார்கள். வகுப்புகளுக்கிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கும் 153-ஏ பிரிவு புதிதாக வந்தது. குற்றம் நடக்கும் முன்பே, நல்லபடி நடப்பேன் என்று பணம் கட்டி ஜாமீன் எழுதிக் கொடுக்கச் சொல்லும் 108-ம் பிரிவும் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. பின்னாளில் இவை எல்லாம் அவர் மீதே பாய்ந்தன.

வீட்டு வழக்கும் ஆயுதமாயிற்று

அடுத்து வந்தது அரசியல் வழக்கே அல்ல. இறந்துபோன நண்பர் ஒருவர் தம் சொத்துக்குத் திலகரை டிரஸ்டியாக எழுதி வைத்திருந்தார். தாயி மகராஜ் என்ற அந்த நண்பரின் விதவை மனைவி சுவீகாரம் எடுத்தது பற்றித் தகராறு எழுந்தது. அதில் பொய்ச்சாட்சி சொன்னார் என்று திலகர் மேல் கிரிமினல் வழக்குப் போடப்பட்டது. 1903-ல் பதினெட்டு மாதம் தண்டனை கொடுத்தார்கள். அப்பீலில் அது ஆறு மாதமாயிற்று. 1904 மார்ச்சில் ஐகோர்ட்டு அவரை முழுவதும் விடுவித்தது.

சொத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1915-ல்தான் திலகர் பக்கம் தீர்ந்தது. பெயரையும் நேரத்தையும் பணத்தையும் கரைக்க ஒரு வழக்குப் போதும் என்பதற்கு இது சான்று.

ஆதரவாளர்கள் மீது பாய்ச்சல்

1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் நாடு முழுவதும் பரவியது. அப்போது சர்க்கார் தலைவர்களை விட்டுவிட்டுத் தொண்டர்களைத் தொட்டது. மாணவர்கள் கிளர்ச்சியில் சேர்ந்தால் பள்ளியின் மானியத்தையும் உபகாரச் சம்பளத்தையும் நிறுத்துவோம் என்று வங்காளத்தில் கார்லைல் சுற்றறிக்கை வந்தது. புனாவில் அந்த அக்டோபரில் அன்னியத் துணியைக் கொளுத்திய கூட்டத்துக்குத் திலகர் போயிருந்தார். அதை முன்னின்று நடத்திய மாணவர் சாவர்க்கருக்குக் கல்லூரி பத்து ரூபாய் அபராதம் போட்டு, விடுதியை விட்டு வெளியேற்றியது.

1907-ல் பொதுக்கூட்டங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1908-ல் அச்சு இயந்திரத்தையே பறிமுதல் செய்ய ஒரு சட்டம். அதே ஆண்டு இறுதியில், சங்கங்களைச் சட்டவிரோதம் என்று அறிவிக்க இன்னொரு சட்டம். 1910-ல் பத்திரிகை நடத்தவே ஜாமீன் பணம் கட்டச் சொல்லும் சட்டம். எழுத்து பிடிக்காவிட்டால் கட்டிய பணம் போய்விடும்.

தமிழ்நாட்டில் திலகரைத் தலைவராகக் கொண்டவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரசில் திலகர் அணியில் நின்றவர். அவரும் இதே 124-ஏ பிரிவில் சிக்கினார். 1908 ஜூலை 7-ந்தேதி நெல்லையில் நீதிபதி பின்ஹே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது குறைந்தது. ஆனாலும் அவர் கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். வக்கீல் சன்னது பறிபோயிற்று. அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 1911-ல் மூடப்பட்டது. கப்பலில் பங்கு போட்ட சாதாரண ஜனங்களின் பணமும் அதோடு போயிற்று.

பாரதியார் அதே ஆண்டு புதுச்சேரிக்குப் போனார். புனாவில் 'காள்' பத்திரிகை ஆசிரியர் பராஞ்ஜபேக்குப் பத்தொன்பது மாதம் தண்டனை. அவருடைய வழக்குக்கு உதவப் பம்பாய் வந்து தங்கியிருந்த திலகரும் கைதானார்.

21 மணி நேர வாதம்

1908 ஏப்ரல் 30-ந்தேதி முசாபர்பூரில் ஒரு நீதிபதியைக் குறிவைத்து வீசிய குண்டில், வண்டியில் போன இரண்டு ஆங்கிலப் பெண்கள் இறந்தார்கள். குண்டு வீச்சைத் திலகர் ஆதரிக்கவில்லை. ஆனால், இளைஞர்கள் ஏன் குண்டைத் தேடிப் போகிறார்கள் என்று சர்க்கார் யோசிக்க வேண்டும், அடக்குமுறை இதற்கு மருந்தல்ல என்று கேசரியில் எழுதினார். மே 12, ஜூன் 9 தேதிகளில் வந்த இரண்டு கட்டுரைகளுக்காக, ஜூன் 24-ந்தேதி பம்பாய் சர்தார் கிருகத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

ஜாமீன் கேட்டு வாதாடியவர் இளம் பாரிஸ்டர் முகமது அலி ஜின்னா. மறுத்த நீதிபதி தின்ஷா தாவர். ஆம், 1897-ல் திலகருக்கு ஜாமீன் கேட்டு நின்ற அதே தாவர்தான். இப்போது நீதிபதி ஆசனத்தில் இருந்தார்.

ஜூலை 13-ந்தேதி விசாரணை தொடங்கியது. ஜூரர்கள் ஒன்பது பேர். ஏழு பேர் ஐரோப்பியர், இரண்டு பேர் பார்சிகள். கட்டுரைகள் மராத்தியில் இருந்தன. ஐரோப்பியர்கள் சர்க்கார் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். எழுதியவன் சொல்லாத கடுமையை மொழிபெயர்ப்பு ஏற்றிவிட்டது என்பது திலகரின் முக்கியமான வாதம்.

வீட்டைச் சோதனை போட்டபோது ஒரு தபால் கார்டு கிடைத்திருந்தது. அதில் வெடிமருந்து பற்றிய இரண்டு புத்தகங்களின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. அதையும் சான்றாகக் காட்டினார்கள். புதிய வெடிமருந்துச் சட்டத்தை விமர்சித்து எழுதவே குறித்து வைத்தேன் என்றார் திலகர்.

வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். நாள் கணக்கில், மொத்தம் 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். அரசைக் கவிழ்க்கச் சொல்வது வேறு, ஆட்சிமுறையை மாற்றக் கேட்பது வேறு என்று சட்ட நூல்களை அடுக்கிக் காட்டினார்.

ஜூலை 22-ந்தேதி இரவு வரை கோர்ட்டு நடந்தது. ஏழு பேர் குற்றவாளி என்றார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். ராஜத்துரோகக் குற்றச்சாட்டு இரண்டுக்கும் மும்மூன்று ஆண்டு, ஆக ஆறு ஆண்டு நாடு கடத்தல். 153-ஏ பிரிவுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். விடிந்தால் அவருக்கு 52 வயது முடிகிறது. அந்த இரவிலேயே ரெயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

மில் தொழிலாளர் கொடுத்த பதில்

மறுநாள் பம்பாயில் மில் சங்குகள் ஊதின. தொழிலாளர்கள் உள்ளே போகவில்லை.

ஆறு ஆண்டுத் தண்டனைக்கு ஆறு நாள், ஆண்டுக்கு ஒரு நாள் என்று வேலை நிறுத்தம் நடந்தது. ஜூலை 23 முதல் 28 வரை நகரம் கொந்தளித்தது. துணிக்கடைகள் மூடின. பட்டாளம் வந்து சுட்டது. பலர் உயிரிழந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் யார்? பெரும்பாலோர் ரத்தினகிரி போன்ற ஊர்களில் இருந்து பிழைப்புக்காகப் பம்பாய் வந்து, பரேலிலும் லால்பாக்கிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்கள். பலருக்குக் கேசரியைப் படிக்கத் தெரியாது. யாராவது படிக்கக் கேட்டவர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. தொழிற்சங்கம் இல்லை, உதவிப்பணம் இல்லை. அவர்கள் ஆறு நாள் கூலியை விட்டார்கள். சிலர் உயிரையும் விட்டார்கள். அரசியல் காரணத்துக்காக இந்தியத் தொழிலாளர் நடத்திய முதல் பெரிய வேலை நிறுத்தம் இது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ரஷ்யாவின் லெனினும் இதைக் கவனித்து எழுதினார்.

மாந்தலேயில் ஆறு ஆண்டு

முதலில் சபர்மதிச் சிறை. பிறகு பர்மாவில் மாந்தலே. நாடு கடத்தல் தண்டனை வெறுங்காவலாக மாற்றப்பட்டது. மரத்தால் கட்டிய அறை. வெயில் காலத்தில் சூடும் புழுதியும் இடுக்குகளின் வழியாக உள்ளே வரும். ஏற்கெனவே நீரிழிவு நோய் இருந்தது. உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டு, ஜெர்மன், பிரெஞ்சு, பாலி மொழிகளைப் படித்தார்.

எழுத அனுமதி கிடைத்தது, கட்டுப்பாட்டுடன். தனித்தாள் கிடையாது. பக்கம் எண்ணி எண் போட்டுத் தைத்த நோட்டுதான். மை கிடையாது, பென்சில்தான், அதையும் சீவித் தருவார்கள். அந்த நோட்டுகளில் 1910-11 குளிர்காலத்தில், சில மாதங்களுக்குள், பகவத் கீதைக்கு அவர் எழுதிய பேருரைதான் 'கீதா ரகசியம்'. செயலை விட்டு ஓடுவதைக் கீதை போதிக்கவில்லை, பலன் கருதாமல் செயலாற்றவே சொல்கிறது என்பது அதன் சாரம்.

1912 ஜூனில் புனாவில் மனைவி சத்தியபாமா இறந்தார். செய்தி தந்தியில் வந்தது. நாற்பது ஆண்டு இல்வாழ்க்கை. முகத்தைப் பார்க்கவும் வழி இல்லை.

1914 ஜூனில் விடுதலை. எங்கே போகிறோம் என்றும் சரியாகச் சொல்லாமல் ரகசியமாகக் கொண்டுவந்து, நள்ளிரவில் புனா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். கூட்டம் கூடிவிடக் கூடாது என்ற கவலை. பிறகு வீட்டைச் சுற்றிப் போலீசார் நின்று, பார்க்க வருகிறவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டு கழித்து வந்த மனிதரைப் பார்த்து நலம் விசாரிப்பதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. கீதா ரகசியக் கையெழுத்துப் பிரதியை உடனே தரவில்லை. பின்னர்தான் திரும்பி வந்தது, 1915-ல் நூலாயிற்று.

அறுபதாம் ஆண்டுப் பரிசு

1916 ஏப்ரலில் சுயாட்சி இயக்கத்தைத் தொடங்கி, பெல்காமிலும் அகமதுநகரிலும் பேசினார். ஜூலை 23-ந்தேதி அறுபது வயது நிறைந்தது. நண்பர்கள் ஒரு லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்தார்கள். அவர் அதைப் பொதுக் காரியத்துக்கே திருப்பித் தந்தார்.

அதே நாளில் சர்க்காரின் நோட்டீசும் வந்தது. 1898-ல் சேர்த்த 108-ம் பிரிவு. ஓராண்டு நல்லபடி நடப்பேன் என்று அவர் 20 ஆயிரம் ரூபாய்க்குப் பத்திரம் எழுத வேண்டும். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். இதில் உள்ள தந்திரம் தெளிவானது. ஜெயிலில் போட்டால் வேலை நிறுத்தம் வரும். பணத்தைக் கட்டிப்போட்டால், பேசும்போது ஜாமீன் நின்ற நண்பரின் சொத்தையும் நினைத்தே வாயைத் திறக்க வேண்டும்.

மாஜிஸ்திரேட்டு உத்தரவு போட்டார். ஜின்னா ஐகோர்ட்டில் வாதாடினார். நவம்பர் 9-ந்தேதி நீதிபதிகள் பாச்சிலரும் ஷாவும் உத்தரவை ரத்து செய்தார்கள். பேச்சை முழுவதுமாகப் படிக்க வேண்டும், சுயாட்சி கேட்பது மட்டும் குற்றமாகாது என்ற கருத்து கோர்ட்டில் நிலைத்தது. பற்று இல்லாமையே விரோதம் என்ற ஸ்ட்ராச்சியின் விளக்கத்தையும் ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு சுயாட்சி என்ற சொல்லை ஊர் ஊராகத் துணிந்து பேச முடிந்தது.

பாஸ்போர்ட்டும் பணமும்

கோர்ட்டில் தோற்றால் நிர்வாக உத்தரவு இருக்கிறதே! 1917-ல் யுத்தகாலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பஞ்சாபுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். 1918-ல் சுயாட்சித் தூதுக்குழுவோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டு, சென்னை வழியாகக் கொழும்பு வரை போனார். அங்கே பாஸ்போர்ட் ரத்தானது. திரும்பி வந்தார். அந்த ஆகஸ்டில் அனுமதி இல்லாமல் பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. இவற்றுக்குச் சாட்சியும் இல்லை, அப்பீலும் இல்லை.

தம்மை அமைதியின்மையின் தந்தை என்று எழுதிய வாலண்டைன் சிரோல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் மேல் திலகர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டிருந்தார். அதற்காக மட்டும் போகலாம், அரசியல் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு பாஸ்போர்ட் கொடுத்தார்கள். 1919 பிப்ரவரியில் வழக்குத் தோற்றது. செலவு சுமார் மூன்று லட்சம் ரூபாய். அன்றைக்கு அது பெருஞ்செல்வம். பத்திரிகையும் அச்சகமும் போய்விடும் நிலை. ஜனங்கள் நிதி திரட்டிக் கடனை அடைத்தார்கள்.

1920 ஆகஸ்டு 1-ந்தேதி, பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கைதான அதே சர்தார் கிருகத்தில் திலகர் காலமானார். மழையில் லட்சக்கணக்கானோர் நடந்து, சௌபாத்தி கடற்கரையில் தகனம் செய்தார்கள். காந்திஜியும் பாடைக்குத் தோள் கொடுத்தார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் அதே நாளில்தான்.

பிரிவு என்ன ஆயிற்று?

1922 மார்ச்சில் அகமதாபாத்தில் காந்திஜி 124-ஏ பிரிவின்கீழ் நிறுத்தப்பட்டார். நீதிபதி புரூம்பீல்டு, திலகர் வழக்கை முன்மாதிரியாகக் காட்டி, அதே ஆறு ஆண்டு விதித்தார்.

1947-ல் வெள்ளையர் போனார்கள். அந்தப் பிரிவு போகவில்லை. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு, வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டினால்தான் அது பொருந்தும் என்று வரம்பு கட்டியது. 2022 மே மாதம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ந்தேதி பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 124-ஏ என்ற எண் இப்போது இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் 152-ம் பிரிவு இருக்கிறது. பழைய சரக்கே புதுப்பெயரில் வந்திருக்கிறது என்று சிலரும், இது வேறு என்று சிலரும் வாதிடுகிறார்கள். எந்த எழுத்து ஆபத்து, எது வெறும் கண்டனம் என்று முடிவு செய்யும் கேள்வி, ஸ்ட்ராச்சி காலத்தில் இருந்தது போலவே நீதிபதியின் மேசையில் இருக்கிறது.

திலகருக்கு ஆறு ஆண்டு விதித்த பம்பாய் ஐகோர்ட்டில் இன்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1908 ஜூலை 22-ந்தேதி இரவு, தீர்ப்பைக் கேட்டபின் திலகர் சொன்ன சில வார்த்தைகளை அதில் பொறித்திருக்கிறார்கள். 1956-ல் அதைத் திறந்து வைத்தவர், அப்போது அதே ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த எம்.சி.சாக்ளா. திலகருக்கு நாடு கடத்தல் விதித்த நீதிபதி தாவரின் பெயரை இன்று சட்டம் படிக்கிறவர்கள்தான் அறிவார்கள். சங்கு ஊதியும் மில்லுக்குள் போகாத அந்தத் தொழிலாளர்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை.